தலைகீழ்ப் பேரம்

ஆட்டோ ஓட்டும் முனியப்பனைப் பேரத்தில் ஜெயித்தவர் அல்சூர் பக்கம் யாரும் இல்லை. அவன் ஒரு விலை சொல்வான், சவாரி ஒரு விலை கேட்கும், நடுவில் எங்கேயாவது படிந்துவிடும். உலகமே அப்படித்தான் ஓடுகிறது என்பது அவன் கட்சி.

அதனால், இருமலுக்கு மருந்து வாங்கப் போனவனை ஜோகுபாளையம் கிளினிக் டாக்டர் பக்கத்து அறைக்கு, ஆலோசகர் சௌம்யாவிடம் அனுப்பியபோது அவன் அசரவில்லை. பீடியை விடச் சொல்லப்போகிறார்கள். சொல்லட்டுமே.

"பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கண்ணா. பீடிய விட்றதுக்கு எவ்ளோ ரெடியா இருக்கீங்க?"

முனியப்பன் மனக்கணக்குப் போட்டான். நாம் ரெண்டு என்போம், இந்தம்மா எட்டு கேட்கும், அஞ்சில் முடித்துக்கொண்டு மாத்திரையோடு கிளம்பிவிடலாம்.

"ரெண்டு மேடம்."

"ஏன் ரெண்டு? பூஜ்யம்னே சொல்லியிருக்கலாமே?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பது ரூபாய்க்குக் கேட்கும் சவாரியிடம், 'சும்மாவே ஏறிக்கக் கூடாதா?' என்று எந்த ஆட்டோக்காரனாவது சொல்வானா?

"அப்டி ஒரேடியா இல்லேன்னும் சொல்ல முடியாது மேடம்..." என்று ஆரம்பித்தவன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டான். மகள் சங்கமித்ரா ஃபுட்பால் ஆடுகிறாள். அவள் கோல் போட்டால் இவன் கோட்டுக்கு வெளியே நின்று இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடிப்பான், மைதானத்தில் தூங்கும் நாயெல்லாம் எழுந்து நிற்கும். போன ஞாயிற்றுக்கிழமை அவள் கோல் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இவனுக்கு இருமல்தான் வந்தது.

"பாத்துக்கினே நின்னா மேடம். அப்புறம் தலைய குனிஞ்சிக்கினு போய்ட்டா."

சௌம்யா புத்திமதி எதுவும் சொல்லவில்லை. "இப்போ நம்பர் என்னண்ணா?" என்றாள்.

"ஆறு."

எதிராளி பதிலுக்கு ஒரு நம்பரும் கேட்காமல் தானே ஏற்றிவிட்டது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

பீடி மறுநாளே ஒழிந்துவிடவில்லை. கூடப் பிறந்ததுபோல் பாக்கெட்டை விட்டு நகர மாட்டேன் என்றது. ஒரு தரம் சிக்னலில் பற்றவைத்தும்விட்டான். குற்றவாளி மாதிரி கிளினிக்குக்குப் போய் ஒப்புக்கொண்டால், "நாள் பூரா ஒண்ணுதானா? மிச்ச நேரம் எப்டிண்ணா சமாளிச்சீங்க?" என்று சௌம்யா கண்ணை விரித்தாள். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மழைக்காலம் முடிந்து வந்த போட்டியில் சங்கமித்ரா எல்லோரையும் தாண்டிப் பந்தோடு கோல் கம்பத்தை நெருங்கினாள். முனியப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விரல்கள் தாமாக வாய்க்குப் போயின. கிளம்பியது சீட்டி! காதைக் கிழிக்கும் பழைய சீட்டி.

ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார் என்று நினைத்து மைதானமே நின்றுவிட்டது. சங்கமித்ராவும் நின்றாள். பந்து மட்டும் தன்பாட்டுக்கு உருண்டு வெளியே போயிற்று.

ரெஃப்ரி ஓடிவந்து அவனைக் கன்னடத்தில் காய்ச்சி எடுத்தார். "சாரி சார், சாரி" என்றது வாய். முகம் முழுக்கப் பல்லாக இருந்தது. கைநழுவிப் போன கோலுக்காக மகள் கடித்துக் குதறுவாள் என்று பார்த்தால், அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, உள்ள போன அப்புறம் அடிப்பா!"

சொல்லிவிட்டு ஓடினாள். முனியப்பன் இரண்டு விரலையும் சட்டையில் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.