கஞ்சிக்கு வந்த பைக்

தாண்டவராயனின் பைக்குக்கு முதன்முதலாகப் பசி எடுத்தது போன ஆவணியில், திண்டிவனத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வல்லத்துக்குத் திரும்பும் வழியில். சோறு கொதிக்கிற வாசனை வந்த ஒரு வீட்டின் முன்னால் தானாக நின்றது. எத்தனை உதைத்தும் கிளம்பவில்லை. அது சவுரியம்மாளின் வீடு. தாண்டவராயனின் நிலத்தில் பத்து வருஷமாகக் களை எடுக்கிறவள். மெக்கானிக் மாரியப்பன் வந்து டேங்கை முகர்ந்து பார்த்தார். "இப்ப பெட்ரோல்ல அஞ்சுல ஒரு பங்கு மக்காச்சோளமும் நொய்யும்தாங்க. ருசி கண்டுக்கிச்சு. கஞ்சி ஊத்திப் பாருங்க," என்றார். சவுரியம்மாள் ஒரு சொம்பு ஊற்றினாள். வண்டி கிளம்பியது.

அந்த மக்காச்சோளத்தில் தாண்டவராயனுடையதும் உண்டு. கேப்பை ஒரு வருஷம் மழையில்லாமல் கருகி, மறு வருஷம் புயல் மழையில் அழுகி, வெறுத்துப்போய் பெட்ரோலில் கலக்கிற எத்தனால் காய்ச்சும் கம்பெனிக்கு மக்காச்சோளம் போட்டார். யாரைக் குறை சொல்ல? அவரும் பிழைக்க வேண்டாமா? ஆனால் சவுரியம்மாளுக்கு அறுப்புக் கூலியாக வந்த கேப்பை அதோடு நின்றுபோனது. மிஞ்சியது ரேஷன் அரிசி. அதில்தான் மாசமாக இருந்த மகள் இசைவாணியும் சாப்பிட வேண்டும்.

பைக் தினமும் உச்சிப்பொழுதில் வந்தது, ஆளில்லாமலும் வந்தது. மற்ற வீடுகளில் குக்கர். வாசனை தெருவுக்கு வராது. இவள் விறகடுப்பில் வடிக்கிறவள். ஹாரன்கூட அடிக்காது, பாவம், சும்மா பார்த்துக்கொண்டு நிற்கும். ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றால் நம் பக்கத்தில் யாருக்குச் சோறு இறங்கும்? வந்ததற்கு முதலில் ஊற்றி, மிச்சத்தை மகளுக்குப் போட்டாள். சேதி எப்படிப் போனதோ, ஐப்பசியில் நாலு பைக் நின்றன, கார்த்திகையில் ஒரு ஷேர் ஆட்டோவும் சேர்ந்துகொண்டது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சத்தம் போட்டாள். "ரத்தம் ஏழுதான் இருக்குது. இன்னாதாம்மா போடுற இந்தப் பொண்ணுக்கு?" சவுரியம்மாளுக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. மறுநாள் கதவைச் சாத்திவிட்டுச் சோறு போட்டாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. இசைவாணி கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நின்னுக்கினு இருக்குதும்மா."

"நிக்கட்டும். நீ துன்னு."

"எறங்கலம்மா. ஊத்திடு, போவட்டும்."

சவுரியம்மாள் எழுந்து கதவைத் திறந்தாள்.

தையில் பெண் குழந்தை பிறந்தது, ஒன்றே முக்கால் கிலோ. வீட்டுக்கு வந்த அன்று பார்க்க வந்த பைக்குகள் பதினொன்று, வெயிலில் வரிசையாக நின்றன. சவுரியம்மாள் பதினொன்றுக்கும் ஊற்றினாள். பிறகு சட்டியைச் சுரண்டி, பெற்றவளுக்கு வைத்தாள்.