வெஸ்டர் முறுக்கிய தந்திகள்

ஒருத்தர் நல்ல எண்ணத்தோடு செய்த உதவியால் நாலு பேர் முன்னால் உங்கள் மானம் போயிருக்கிறதா? எனக்குப் போயிருக்கிறது.

மலையை விட்டு இறங்கி இந்தக் கரோலினா பஞ்சாலைக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தறிச் சத்தத்தில் யாரோடும் பேச முடியாது. விடுதிக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. கிடார் மட்டும் இருந்தது. நானாகக் கற்றுக்கொண்டது. தந்திகளை என் காதுக்குப் பிடித்தபடி முறுக்கி வைத்திருந்தேன். விரலே வைக்காமல் வருடினாலும் நன்றாக இருக்கும்.

சனிக்கிழமை நடனத்துக்கு வாசிக்கும் குழுவில் கிடார்க்காரன் வேறு ஊருக்குப் போய்விட்டான். அந்த இடம் கிடைத்தால் வாரத்தில் ஒரு நாளாவது மனுஷர்களோடு இருக்கலாம். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மளிகைக்கடைப் பின்பக்கம் வாசித்துக் காட்ட வரச் சொன்னார்கள். வேலை விட்டதும் விடுதியில் கிடாரை மட்டும் எடுத்துக்கொண்டு, வேலைச் சட்டையோடு போனேன். கிடாரை வைத்துவிட்டு, கையிலிருந்த பஞ்சுத்தூசியைக் குழாயடியில் கழுவிவிட்டு வந்தேன்.

முதல் வருடலிலேயே கிடார் அலறியது.

"ஏம்ப்பா ஹோபர்ட், உங்க மலையில பன்னி இப்படித்தான் கத்துமா?" என்றான் பாஞ்சோ வாசிக்கும் லூத்தர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிடில்காரர் வெஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடதுப்பா. சுருதி கலைஞ்சு கிடக்கேன்னு, நீ கை கழுவப் போனப்ப முறுக்கி வெச்சேன்."

"கலையலைங்க. அதான் என் சுருதி."

"அது எந்த ஊரு சுருதி?" என்றான் லூத்தர். "அண்ணே, இவன் வேணாம்."

"நீ கொஞ்சம் வாய மூடு. பிடிலுக்கே நாலு விதமா சுருதி வெக்கிறோம், கிடாருக்கு வெச்சா என்ன? ஹோபர்ட், நீ உன் சுருதிக்கே இறக்குப்பா."

பழைய தந்திகள், அறுந்தால் மாற்றுத் தந்தி கிடையாது. நாலு தந்திகளை ஒவ்வொன்றாக இறக்கி, வருடினேன்.

வெஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தன் பிடிலில் இரண்டு தந்திகளை இறக்கி என்னோடு சேர்ந்துகொண்டார். பாதிப் பாட்டில் லூத்தரின் கால் தரையைத் தட்ட ஆரம்பித்தது.

"பன்னி நல்லாத்தான் பாடுது," என்றான்.

"ஏழு மணிக்கு நடனம்," என்றார் வெஸ்டர். "சட்டைய மாத்திட்டு வந்துரு. உன் கிடாரை எவனும் தொட மாட்டான்."

மறுநாள் காலை, சர்ச் மணி அடிக்கும் முன்பே லூத்தர் விடுதிக்கு வந்தான். பாஞ்சோவை என் சுருதிக்கு மாற்றியிருந்தான். ஒரு தந்தி சரியாக இல்லை. நான் தொடவில்லை, அவனையே முறுக்கச் சொன்னேன்.