மூன்று அடி

குழி வெட்டுவதில் என்ன பெருமை என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் விடியற்காலையில் அவளோடு வந்து பார்க்க வேண்டும். கோல்ஃப் மைதானத்தில் பதினெட்டுக் குழி. தினமும் பழைய குழியை அடைத்துவிட்டுப் புது இடத்தில் வெட்ட வேண்டும். விளிம்பில் ஒரு புல் நுனி பிசிறக் கூடாது. உள்ளே இறக்கும் வெள்ளை டப்பா, தரைக்குக் கீழே ஒரு அங்குலம் போய் அசையாமல் உட்கார வேண்டும். ஆறு வருடமாக இதைச் செய்துவருகிறாள், இன்னும் தற்காலிக ஊழியராகவே. மைதானத்தில் எல்லோருக்கும் அவள் குழிக்காரி.

"ஊரே ரோட்டுக் குழியை மூடுங்கன்னு கத்துது. உனக்கு மட்டும் குழி தோண்டச் சம்பளம்," என்பார் பள்ளி வேன் ஓட்டும் அவள் புருஷன்.

"உங்க வேன் விழற குழியெல்லாம் நான் வெட்டினதில்லை. என் குழி வட்டமா இருக்கும்," என்பாள்.

அந்த வாரம் பெண்களுக்கான பெரிய போட்டி. சூப்பர்வைசர் சட்டைப் பையில் எப்போதும் ஸ்கேல் இருக்கும். அதனால் அவருக்குப் பேரே ஸ்கேல். முதல் நாளே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"போட்டி முடியற வரைக்கும் நம்ம வேலையைப் பத்தி ஒரு புகார் வரக்கூடாது. வரலேன்னா திங்கக்கிழமை உன் நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன். வந்துச்சுன்னா அப்புறம் என் கிட்ட வந்து அழாதே."

மூன்று நாளும் ஒரு குறை இல்லாமல் கழிந்தது. கடைசி நாள் காலையில் பதினேழு குழியையும் முடித்துவிட்டுப் பதினெட்டாவதற்கு வந்தாள். பக்கத்திலேயே பயிற்சிக்கான புல்தரை. அங்கே சாம்பியன் தனியாக நின்று பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

இந்தக் கோப்பையை மூன்று முறை வென்றவர். ஆனால் குழிக்காரிக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் கோப்பை இல்லை. பந்து வந்து விழுகிற வேகத்தில் புல்தரையில் சின்னப் பள்ளம் விழும். தன் பந்து செய்த பள்ளத்தையே பல பேர் கண்டுகொள்ளாமல் போவார்கள். சாம்பியன் அடுத்தவர் விட்டுப்போன பள்ளத்தையும் குனிந்து சரிசெய்துவிட்டுத்தான் நகர்வார். அதன் அருமை, மறுநாள் முதுகு ஒடியக் குனிகிறவர்களுக்குத்தான் தெரியும்.

டப்பாவை இறக்கியாயிற்று. மேலே கட்டையை வைத்துச் சுத்தியலால் மூன்று அடி அடித்தால் மண்ணோடு இறுகிவிடும். ஒரு அடி அடித்தாள். அதற்குள் அங்கே சாம்பியன் ஒரு பந்தைச் சரிவின் மேல்பக்கமாக, அங்கிருந்த பயிற்சிக் குழிக்குச் சம்பந்தமே இல்லாத திசையில் தட்டிவிட்டார். அது பாட்டுக்கு ஏறி, யோசித்து, வளைந்து, பூனை வீட்டுக்குள் நுழைகிற மாதிரி குழிக்குள் இறங்கியது. அடுத்ததும் அதே வழி. அதற்கடுத்ததும். குழிக்காரி சுத்தியலைப் பிடித்த கையோடு வாயைப் பிளந்து நின்றாள்.

"ஆச்சா?" என்று தூரத்திலிருந்து ஸ்கேல் குரல் கொடுத்தார்.

"ஆச்சு சார்," என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மீதி இரண்டு அடி விட்டுப்போனது அவளுக்கு உறைக்கவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல், கடைசி ஜோடி பதினெட்டாவதுக்கு வந்தது. சாம்பியனும், முதல் தடவை இவ்வளவு தூரம் வந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணும். இருவரும் சமம். இருவர் பந்தும் குழிக்குப் பக்கத்தில். கயிற்றுக்கு வெளியே மற்ற ஊழியர்களோடு குழிக்காரியும் நின்றிருந்தாள். சின்னப் பெண்ணின் பையைச் சுமப்பவர், டப்பாவில் செருகியிருந்த கொடிக்கம்பை உருவி எடுத்தார்.

சாம்பியன் முதலில். ஆறடி தூரம், நேர்கோடு. பந்து நட்டநடுவில் போய், டக் என்று எதிலோ மோதி, துள்ளி வெளியே வந்து விழுந்தது. கூட்டம் மொத்தமும் உச்சுக்கொட்டியது.

குழிக்காரி கயிற்றின் மேல் எட்டிப் பார்த்தாள். குழியின் வாயில் வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு ஜோடியும் கொடியை உருவ உருவ, இறுகாத டப்பா கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்திருக்கிறது. அப்போதுதான் அவளுக்கு அந்த இரண்டு அடி ஞாபகம் வந்தது.

சாம்பியன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். நடுவரைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே வந்த பந்து வந்ததுதான், அந்த அடி திரும்பக் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும். அப்படியே விட்டிருந்தால் எதிராளியின் பந்தும் துள்ளியிருக்கும். அவரோ மண்டியிட்டு, டப்பாவை உள்ளங்கையால் அழுத்தி இறக்கினார். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தார். தன் பந்தைத் தட்டி முடித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு. நீ நிதானமா ஆடும்மா," என்று சின்னப் பெண்ணிடம் சொல்லி ஒதுங்கினார்.

சின்னப் பெண்ணின் பந்து உள்ளே விழுந்தது. கோப்பை அவளுக்குப் போனது. முதலில் கைதட்டியது சாம்பியன்தான்.

சாயங்காலம் ஸ்கேலின் அறைக்கு சாம்பியன் வந்தபோது, குழிக்காரி வாசலில் ஈரப் பூட்ஸோடு நின்றிருந்தாள். மேஜையில் ஒரு படிவம் தயாராக இருந்தது.

"அந்தப் பை தூக்கறவர் கொடியை வெடுக்குன்னு இழுத்திருக்கார், மேடம். அதுலதான் டப்பா கிளம்பிடுச்சு. அப்படியே எழுதிட்டேன், ஒரு கையெழுத்து போட்டுடுங்க," என்றார் ஸ்கேல்.

தப்பித்தோம் என்று ஒரு நொடி அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. குற்றமே செய்யாத ஒரு மனுஷன் தலையில் விழப்போகிறது. அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது, மண்டியிட்டு டப்பாவை அழுத்திய அந்தக் கையா?

"அவர் மேல தப்பில்ல, சார். மூணு அடி அடிச்சு இறுக்கணும். நான் ஒண்ணோட விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? ஏன்?"

"மேடம் ஆடறதைப் பாத்துட்டு நின்னுட்டேன்."

சாம்பியன் பேனாவை மூடி வைத்தார்.

"நான் புகாரே குடுக்கலையே, எதுக்குப் படிவம்?"

"கோப்பை போயிடுச்சே, மேடம்."

"அந்தப் பொண்ணு நல்லா ஆடினா, ஜெயிச்சா." பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "நாலு நாளா உங்க குழியை நான் நின்னு பாக்கவே இல்லக்கா. பாக்க வேண்டிய அவசியமே வரல. இன்னிக்கு ஒண்ணுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை கையெழுத்து விழவில்லை. ஸ்கேல் மூன்று மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலையவிட்டு, பிறகு ஒரு நாள் ஆர்டரை நீட்டினார்.

அடுத்த வருடப் போட்டியின் முதல் நாள். பதினெட்டாவது குழியில் டப்பாவை இறக்கிக் கட்டையை வைத்தபோது, பக்கத்துப் புல்தரையில் சாம்பியன் நிற்பது தெரிந்தது. காலடியில் பந்துகள் வரிசையாக இருந்தன. மட்டையோ கக்கத்தில் இருந்தது.

"என்ன மேடம், அடிக்கலையா?"

"நீங்க முதல்ல முடிங்கக்கா. அப்புறம் நான் ஆரம்பிக்கறேன்."

அவள் மூன்று அடியும் அடித்தாள். மனசு கேட்காமல் நாலாவதாக ஒன்றும் போட்டாள். பிறகு சுத்தியலை வாளியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சாம்பியன் ஆடுவதை ஆற அமரப் பார்த்தாள்.