முதுகைக் காட்டிய மூவர்

கிரீஷிடம் போய் நேரத்தைப் பற்றி வாய் திறந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் திரும்புவார்கள். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் எந்த வண்டி எந்தத் தண்டவாளத்தில் எப்போது நகர வேண்டும் என்று சொல்கிற உத்தியோகம் அவனுக்கு. அந்தத் திமிர் வீடு வரைக்கும் கூட வரும். கல்யாணத்துக்குப் போனால் முகூர்த்தம் தள்ளிப் போகிறதே என்று மாப்பிள்ளையைவிட அதிகமாகப் பதறுவான். குக்கர் அடுத்த விசிலுக்குக் கொஞ்சம் யோசித்தால் போதும், காஸ்கெட் போச்சு என்று எழுந்து போய்விடுவான். அப்பேர்ப்பட்ட மனுஷனைப் பார்த்து ஒரு மெஷின், உனக்குத் தாளம் முந்திக்கொண்டு ஓடுகிறது என்று சொன்னால் சும்மா விடுவானா?

மெஷின் கதைக்கு முன்னால் பேண்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் உல்டோ ரத். ரதயாத்திரைக்குப் போன தேர் வீடு திரும்பும் நாளை வங்காளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த நாளில் கொட்டிய மழையில் ஒரே தகரக் கூரைக்கடியில் மாட்டிக்கொண்டவர்கள் ஆரம்பித்த பேண்ட் அது. போஸ்டரில் ‘ரூட்ஸ் ராக்’ என்று போட்டுக்கொள்வார்கள். ஊர் ஊராகத் திரியும் பாவுல் பாட்டுக்காரர்களின் மெட்டு, லோக்கல் ரயிலில் சாமான் விற்கிறவர்களின் கூவல், கிரீஷ் தன் அப்பாவிடமிருந்து பொறுக்கிய தெம்மாங்கு, எல்லாவற்றையும் எடுத்து எலெக்ட்ரிக் கிடாரில் ஏற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. டிரம்ஸைத் தூக்கி டெம்போவில் ஏற்றுவதும் அவர்களே, போஸ்டர் ஒட்டுவதும் அவர்களே.

ரஞ்சன் பாடுவான், கிடார் வாசிப்பான், மற்ற நேரத்தில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துவான். தாராவின் கையில் தோதாரா. கிராமத்து வாத்தியம், நாலு தந்தி. அதற்கு மைக் மாட்டி அலற வைத்திருந்தாள். பேஸ் கிடார் மாதவி. காளிகாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பாங்கில் ஆபீசர். பேஸ் வாசிக்க வந்தவள், டிரம்மர் கிரீஷையே கட்டிக்கொண்டாள். பேண்டில் எல்லோரும் பேசுவது வங்காளம். புருஷன் பெண்டாட்டி சண்டை மட்டும் தமிழில் நடக்கும். அப்போது மற்ற இரண்டு பேரும் மரியாதையாக வெளியே போய்விடுவார்கள்.

ஒன்பது வருஷம் மேடை மேடையாக வாசித்துவிட்டு, இப்போதுதான் முதல் ஆல்பம். அதில் தன் டிரம்ஸ் இருக்க வேண்டும் என்பதைத் தவிர கிரீஷுக்கு வேறு ஆசையே கிடையாது. யார்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இரண்டு வாரம் லீவு வேறு.

டாலிகஞ்சில் சினிமா ஸ்டூடியோக்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது பாபுதாவின் ரெக்கார்டிங் அறை. தலையில் ஒரு முடி இல்லாத மனுஷன், ஆயுசு முழுக்கக் கூந்தல் தைல விளம்பரத்துக்குப் பாட்டு ரெக்கார்டு செய்தே வாழ்ந்தவர். அவர் கிரீஷின் காதில் ஹெட்போனை மாட்டி, “உள்ளே டிக் டிக்னு ஒண்ணு கேக்கும். அதோட சேர்ந்து வாசி, போதும்” என்றார்.

முதல் பாட்டு ‘கொய்யாக்காரன்’. ரயிலில் கொய்யா விற்கிறவன், வங்காளத்தில் ‘பேயாரா’ என்று கூவுவதுதான் அதன் பல்லவி. கிரீஷ் அடித்தான். பாதிப் பாட்டுக்குள் கையை நிறுத்திவிட்டான்.

“பாபுதா, உங்க மெஷின் தூங்குது.”

“மெஷின் எங்கப்பா தூங்கும்? கரன்ட் இருக்கிற வரைக்கும் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கும்.”

“ஆரம்பத்துல சரியாத்தான் இருக்கு. போகப் போக மெதுவாயிடுது. சூடாகுதோ என்னவோ.”

பாபுதா நல்லவர். வேறொரு மெஷினை மாட்டினார். அதுவும் போகப் போக மெதுவாயிற்று. கிரீஷ் தன் போனில் ஒரு ஆப் இறக்கினான். அதுவும் மெஷினோடு சேர்ந்து அட்சரம் பிசகாமல் டிக் டிக் என்றது. இரண்டும் கூட்டுச் சதி என்று முடிவு கட்டி, நொடிக்கு ஒரு தட்டு வைக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைக் கண்ணருகில் பிடித்துக்கொண்டு நின்றான். முள்ளும் தட்டும் கைகோத்துக்கொண்டு போயின. கடிகாரத்தையும் சந்தேகப்பட்டிருப்பான்தான். ஆனால் அது காலையில் யார்டுக் கடிகாரத்தோடு சரிபார்த்தது. யார்டுக் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டால் அப்புறம் உத்தியோகத்தையே ராஜினாமா செய்ய வேண்டியதுதான்.

மெல்லத் திரும்பி மற்றவர்களைப் பார்த்தான். யாராவது தனக்காக மெஷினைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். ரஞ்சன் கிடார் தந்தியில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தாரா கூரையைப் பார்த்தாள். மாதவி ஒழுங்காக மாட்டியிருந்த ஒயரைக் கழற்றி மறுபடியும் மாட்டினாள்.

“உங்களுக்கெல்லாம் தெரியுமா?” என்றான் கிரீஷ்.

பாபுதா எழுந்து, “டீ குடிச்சிட்டு வாங்களேன்” என்றார்.

சந்து முனை டீக்கடையில் மண் குவளையைக் கையில் வாங்கியதுமே தாரா விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். அவளுக்கு எதையும் ரொம்ப நேரம் வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

“கிரீஷ்தா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தாளம் ஓடும். முதல் நாளிலிருந்தே ஓடுது.”

“முதல் நாளிலிருந்தா?”

“அதனால என்ன? நாங்கதான் சமாளிச்சுக்கறோமே” என்று ரஞ்சன் அவசரமாகச் சமாதானத்துக்கு வந்தான். “கொய்யாப் பாட்டுல ‘பேயாரா’ன்னு நான் ஒரு இழுப்பு இழுப்பேன் பாரு…”

“ஆமா, ஜனங்க அதுக்குத்தானே விசிலடிக்கிறாங்க” என்றான் கிரீஷ். “அதுதான் உல்டோ ரத் ஸ்டைல்னு பேப்பர்லகூட எழுதினாங்களே!”

“எழுதினாங்க. ஆனா அது ஸ்டைல் இல்லப்பா, பிரேக். நீ அதுக்குள்ள எங்கேயோ போயிருப்ப. இழுத்து நிறுத்தணுமில்ல?”

தாரா விடுவாளா? “நடுவுல நான் வாசிக்கறதை நிறுத்திட்டு ஸ்ருதி சேர்ப்பேனே, அதுவும் அதுக்குத்தான்” என்றாள். “என் தோதாராவுக்கு ஸ்ருதி கலைஞ்சதே கிடையாது.”

கிரீஷ் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். தமிழ் வரப்போகிறது என்று தெரிந்ததும் மற்ற இரண்டு பேரும் பிஸ்கட் வாங்குகிற சாக்கில் நகர்ந்தார்கள்.

“நீ?”

“நான் உனக்குக் கொஞ்சம் பின்னாடியே வாசிப்பேன். சட்டையைப் பிடிச்சு இழுக்கிற மாதிரி.”

“ஒரே வீட்ல இருக்கோம். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமில்ல?”

“நீ குக்கர்கிட்டயே மல்லுக்கு நிக்கிறவன். உங்கிட்ட யாரு சொல்றது?”

சண்டை போட்டிருக்கலாம். மற்ற நாளாக இருந்தால் போட்டிருப்பான். தாளம் தப்புவது அவனுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை, தப்பட்டும், தொலையட்டும். மூன்று பேரும் கூடிப்பேசி, நோயாளியிடம் மறைப்பது மாதிரி இத்தனை காலம் மறைத்திருக்கிறார்களே, அதுதான் வலித்தது. ஒவ்வொரு மேடையிலும் தான் சந்தோஷமாக அடித்துக்கொண்டிருக்க, இவர்கள் முன்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு சகித்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவனுக்குக் கண் கலங்கியது. டீ ஆவி என்று சொல்லிக்கொண்டான்.

அப்புறம் ரஞ்சன் தயங்கித் தயங்கி அடுத்த குண்டைப் போட்டான். பக்கத்து ஸ்டூடியோவில் மது என்று ஒருவன் சீரியல்களுக்கு டிரம்ஸ் வாசிக்கிறானாம். எதற்கும் இருக்கட்டும் என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறானாம்.

“ஆல்பத்துக்கு மட்டும்தான், கிரீஷ். மேடைக்கு நீதான்.”

“கூப்பிடு. அவனே வாசிக்கட்டும்” என்றான் கிரீஷ். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், சுத்தமான வீம்பு. வீட்டுக்குப் போவதாகத்தான் கிளம்பினான். ஆனால் டிரம்ஸ் அவனுடையது. முன்பின் தெரியாதவனிடம் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. அதனால், பாபுதா உட்காரும் பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்தான்.

மது வந்தான். ஒல்லியான, பணிவான ஆள். கிரீஷைத் தேடிவந்து, “தாதா, உங்க டிரம்ஸைத் தொடலாமா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். அது வேறு கிரீஷுக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டவாவது செய்யலாம்.

‘கொய்யாக்காரன்’ ஆரம்பித்தது. மதுவின் அடி ஒவ்வொன்றும் மெஷின் தட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. அப்படி ஒரு சுத்தம். கிரீஷே உள்ளுக்குள் பலே என்றான். ஆனால் முதல் சரணம் முடிவதற்குள் பாட்டுக்கு என்னவோ ஆயிற்று. ரஞ்சன் வழக்கம்போல ‘பேயாரா’வை இழுத்தான். இழுத்துக்கொண்டே போனான். எப்போதும் அந்த இடத்தில் பின்னாலிருந்து ஒருத்தன் முட்டித் தள்ளுவான்; இன்றைக்குத் தள்ள ஆளில்லை. மது ஒழுங்குப் பிள்ளையாக இருந்த இடத்திலேயே இருந்தான். தாரா கையை எடுத்து ஸ்ருதி சேர்த்தாள். மாதவி பின்வாங்கினாள். கயிறு இழுக்கும் போட்டியில் எதிர்க் கோஷ்டி திடீரென்று கையை விட்டால் எப்படி இருக்கும், அப்படி மூன்று பேரும் மல்லாந்தார்கள்.

பாபுதா மைக்கை அழுத்தி, “ஏம்ப்பா, கொய்யா விக்கறவன் செத்துட்டானா? இப்படி இழுக்கறீங்க?” என்றார்.

மறுபடியும் வாசித்தார்கள். இந்த முறை சாவு வீட்டிலிருந்து காரியத்துக்கே வந்துவிட்டது. மெஷின் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். மது பாவம், “என் தப்பா?” என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டான். ரஞ்சன் கிடாரைத் திட்டினான். தாரா மெஷின் வேகமாக ஓடுகிறது என்று சத்தியம் செய்தாள். அதைக் கேட்டதும் கிரீஷுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வீம்பு கெட்டுவிடுமே என்று தொடையைக் கிள்ளி அடக்கினான்.

சிரிப்பு அடங்கியபோதுதான் ஒன்று உறைத்தது. இவர்கள் வாசிக்கும்போது இவர்களுடைய முகத்தை அவன் பார்த்ததே இல்லை. டிரம்மர் எப்போதும் பின்னால்தானே உட்கார்ந்திருப்பான்? ரஞ்சனின் சட்டை முதுகு வியர்வையில் நனைவது தெரியும், தாராவின் பின்னல் ஆடுவது தெரியும், மாதவி எந்த இடத்தில் தோளைக் குறுக்குவாள் என்பது தெரியும். முகம் தெரியாது. இப்போது கண்ணாடி வழியாக மூன்று முகங்களும் தெரிந்தன. அந்த இழுப்பு வரும் ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும், தங்களுக்கே தெரியாமல், லேசாகத் தலையைப் பின்னால் சாய்த்து எதையோ எதிர்பார்த்தார்கள். மாதவி திரும்பியே பார்த்துவிட்டாள். பின்னால் மது இருந்தான். அவள் முகம் விழுந்துவிட்டது.

கிரீஷ் ஸ்டூலை விட்டு எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே மது குச்சிகளை நீட்டிவிட்டான். “தாதா, இவங்களைக் கட்டி மேய்க்க என்னால ஆகாது. நீங்களே வாங்க” என்று சொல்லி, விட்டால் போதும் என்று பாபுதாவின் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

கிரீஷ் உட்கார்ந்தான். ஆனால் தெரிந்துபோன பிறகு பழைய மாதிரி கை எப்படி வரும்? யார்டுக்காரன் அல்லவா, முழுக் கவனத்தையும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, எண்ணி எண்ணி அடித்தான். அவ்வளவு துல்லியமாக அவன் வாசித்ததே இல்லை. பாட்டு மறுபடியும் படுத்துவிட்டது.

“ஐயோ, இவரும் மதுவாயிட்டாரு!” என்று தாரா தலையில் கை வைத்தாள்.

ரஞ்சன் கிடாரைக் கீழே வைத்தான். அவனுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது; ஆள் கூப்பிட்டதே அவன்தானே. “கிரீஷ், நீ எப்பவும் வாசிக்கிற மாதிரி வாசிடா. தெரியாம பண்ணிட்டேன்.”

“எப்படி? ஓடணுமா?”

“ஓடு” என்றாள் மாதவி, தமிழில். யாரும் வெளியே போகவில்லை. “நீ எங்க வேணா ஓடு. பிடிக்கறது எங்க பாடு.”

“எத்தனை நாளைக்குத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பிடிப்பீங்க?” கேட்கும்போது அவன் குரல் உடைந்தது.

“யாரு பல்லைக் கடிச்சா?”

கிரீஷ் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். “பாபுதா, அந்த மெஷினை அணைச்சிடுங்க” என்று கத்தினான். பிறகு மற்ற மூன்று பேரிடமும், “இங்க ஜனம் ஒண்ணும் இல்லையே, யாரைப் பார்த்து நிக்கிறீங்க? திரும்புங்க எல்லாரும். என்னைப் பார்த்து வாசிங்க” என்றான்.

ஒயர்களைக் காலால் தள்ளிக்கொண்டு மூன்று பேரும் திரும்பினார்கள். கிரீஷ் குச்சிகளைத் தட்டி ஆரம்பித்தான். முதல் சரணம் ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் அவன் கை தானாக முந்திக்கொண்டது; அவன் அதைத் தடுக்கவில்லை. ரஞ்சன் ‘பேயாரா’வைத் தூக்கினான். கிரீஷ் முட்டித் தள்ளினான், ரஞ்சன் விடாமல் இழுத்தான், கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் அப்படி ஒரு குறும்பு. தாரா கையை எடுத்துவிட்டு, எங்கே போய்விடுவாய் பார்க்கலாம் என்பது போல் புருவத்தை உயர்த்தினாள். மாதவி அரைச் சிரிப்போடு அவனையே பார்த்துக்கொண்டு, சரியான இடத்தில் பிடித்து இழுத்தாள். அவன் திமிறினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஒவ்வொரு மேடையிலும் அவன் அவளுடைய முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கம் அவள் இப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.