பொத்தானில் செருகிய கட்டை

விடியுமுன்பே பிரஸ் மெஷின்கள் அறையத் தொடங்கிவிட்டன. எண்ணெய் வழியும் தகட்டை அச்சுக்கடியில் தள்ளு, பொத்தானை அமுக்கு, இழு, மறுபடி தள்ளு. ஒவ்வோர் அடிக்கும் எங்கள் பல் ஆடியது.

இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் அச்சு இறங்கும். மெஷின் செய்தவன் நம் கைக்காகப் பயந்திருக்கிறான். எங்கள் கம்பெனி ஒரு பொத்தான் அமுங்கியே இருக்கும்படி அதில் கட்டையைச் செருகி அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. ஒரு கை தள்ள, மறு கை அமுக்க, உற்பத்தி இரட்டிப்பு.

முந்தாநாள் அந்த வேகத்தில் ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிடும் அண்ணனின் மூன்று விரல்கள் போயின. இன்று அதே மெஷினில் அவர் தங்கச்சி. ரத்தத்தைக் கழுவியிருந்தார்கள், கட்டை அப்படியே இருந்தது.

வெயில் ஏறியதும் முதலாளி ஒரு பேராசிரியரை அழைத்து வந்தார். ஏழை நாட்டில் பிறந்து நாலு நாட்டில் ஆலை வாங்கிய எங்கள் கம்பெனியின் ரகசியத்தை ஆராய்கிறவராம்.

"பணக்கார நாட்டுக் கம்பெனிக்குத் தொழில்நுட்பம் பலம். நமக்கு இல்லாமையே பலம். இதுதான் என் கோட்பாடு" என்றார். கட்டையைக் கண்டதும் அவர் கண் பனித்தது. "இந்தச் சிக்கனத்தை எந்த நாட்டுக்கும் கொண்டுபோகலாம்."

"கொண்டுபோயாச்சு சார்." முதலாளி, மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தவர்போலச் சிரித்தார். "புதுசா வாங்கின வெளிநாட்டு ஆலையிலயும் இதேதான். நம்ம ஆளுங்களே போய்ச் செருகக் கத்துக்குடுத்தாங்க."

தங்கச்சி மெஷினை நிறுத்தினாள். "அங்கயும் விரல் போகுமே?"

"வேலையைப் பாரும்மா."

"பாக்கத்தான் போறேன். சார், இல்லாமப் போனது எங்கண்ணன் விரல். பலம் மட்டும் இவருக்கு எப்படி வந்துச்சு? அதையும் எழுதுங்க."

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். அவள் கட்டையைப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள்.

முதலாளி பல்லைக் கடித்தார். "செருகு. இல்ல, வெளிய போ."

பக்கத்து மெஷினில் ஊமை மாமா. பேச வராமலில்லை, பேசிப் பயனில்லை என்று விட்டவர். அவரும் கட்டையைப் பிடுங்கிப் பேராசிரியர் கையில் வைத்தார். பிறகு நான். பிறகு வரிசை முழுக்க.

"யாரும் வேலையை நிறுத்தல முதலாளி" என்றார் மாமா. "ரெண்டு கையால செய்றோம். உங்க மெஷின் அப்படித்தான் கேக்குது."

அச்சுகள் மெதுவாக இறங்கின. பேராசிரியர் கை நிறையக் கட்டைகளோடு நின்றார். வாசலிலிருந்து காவலாளிகளின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது.

பொத்தான்களிலிருந்து கையெடுக்காமல் தங்கச்சி கேட்டாள். "மாமா, அந்த வெளிநாட்டு ஆலைக்காரங்களுக்கு இதை யாரு சொல்றது?"

"கட்டை போன வழி இருக்குல்ல," என்றார் மாமா. "அதே வழிலதான்."