கல் பொங்கிய பங்குனி

பங்குனிப் பொங்கலன்று பாண்டீஸ்வரியின் பானை பொங்குவதற்கு முன்னால் அவள் அடுப்புக்கல் பொங்கிவிட்டது.

கோயில் வாசலில் மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டியிருந்தாள். ஒரு செங்கல் ஆடியது. முட்டுக்கொடுக்க எதையோ தேடியவள் கையில், மகள் யுவராணி அங்கே வைத்துவிட்டுப் போயிருந்த பையிலிருந்த வெள்ளைக் கல் அகப்பட்டது. யுவராணி மதுரையில் எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். கல் கல்லூரியுடையது. நாசிக் பக்கம் பாறை உடைத்தபோது கிடைத்த அரிய ஜியோலைட். ஊர் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மையை அது எவ்வளவு குறைக்கிறது என்று பார்க்கப் பேராசிரியர் நம்பிக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமை கல் திரும்பி வராவிட்டால் அவள் ப்ராஜெக்டில் கையெழுத்து விழாது.

ஜியோலைட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத அறைகள் உண்டு. அவற்றில் தண்ணீர் குடியிருக்கும். சூடு பட்டால் வெளியேறும். கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கே 'கொதிக்கும் கல்' என்றுதான் பொருள். பாண்டீஸ்வரிக்குக் கிரேக்கம் தெரியாது.

கல் சீறியது. ஆவி விட்டது. ஓரமெல்லாம் ஏடு ஏடாகப் பிரிந்து நுரைத்தது.

"ஏ, கல்லு பொங்குதுடி" என்றாள் ஒருத்தி. குலவை கிளம்பிவிட்டது.

அந்த ஊரில் முதலில் பொங்குகிற வீட்டுக்குத்தான் அம்மன் கழுத்து மாலை. பக்கத்து அடுப்பில் செல்லக்கிளியின் பானை அடுத்த நொடியே பொங்கியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியாடி கருத்தப்பாண்டி மாலையைப் பாண்டீஸ்வரிக்குப் போட்டார். கல்லை இடுக்கியால் எடுத்து அம்மன் காலடியில் வைத்து, "இனிமே இது இங்கதான்" என்றார்.

யுவராணி வந்து சேர்ந்தபோது கல்லுக்குப் பொட்டு வைத்தாயிற்று. அபிஷேகத்துக்கு மஞ்சள்நீர்க் குடம் தயார். நனைந்தால் கல் தண்ணீரைத் திரும்பக் குடித்துக்கொள்ளும். சுட்டால் மறுபடி பொங்கும். அப்புறம் பேராசிரியரே வந்து அங்கப்பிரதட்சணம் செய்தாலும் கிடைக்காது.

வகுப்பில் வருகை சொல்லவே கூசுகிறவள் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள்.

"பெரியப்பா, அது சாமியில்ல. தண்ணி."

"இந்தச் சீமையில தண்ணியவிடப் பெரிய சாமி எதுத்தா?"

கூட்டம் சிரித்தது.

"தண்ணி ஊத்துறதுக்கு முன்னால இன்னொரு தடவ நெருப்புல வச்சுப் பாருங்க. பொங்காது."

"சாமிக்கே பரீச்சையா?"

"வைங்கண்ணே" என்றாள் செல்லக்கிளி. "சாமின்னா பாஸாகிட்டுப் போகுது. எம் பானை மட்டும் என்ன நடிச்சா பொங்குச்சு?"

பாண்டீஸ்வரி மகளின் இடுப்பைக் கிள்ளினாள். "வாய மூடு. மாலை போயிரும்."

"கல்லு போனா எம் படிப்பு போயிரும்மா."

கல் மறுபடி அடுப்பேறியது. கருத்தப்பாண்டி குந்தி உட்கார்ந்து ஊதினார். விறகு கூட்டினார். மீசை பொசுங்கும்வரை ஊதினார். கல் கல்லாகவே கிடந்தது. சனம் அவர் முகத்தைப் பார்த்தது. அவரும் எத்தனை நேரம்தான் ஊதுவார்.

எழுந்து துண்டை உதறினார். "சாமி மலையேறிருச்சு."

அதோடு சரி. மலையேறிய சாமியை யாரும் கேள்வி கேட்பதில்லை. செல்லக்கிளி நேரே போய், பாண்டீஸ்வரியின் கழுத்து மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"எடுத்துக்கத்தா" என்று கல்லை யுவராணியிடம் நீட்டினார் கருத்தப்பாண்டி. "இப்ப அது வெறுங்கல்லு."

திங்கட்கிழமை காலை யுவராணி பஸ்ஸுக்கு நின்றாள். கல்லின் ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. சூடுபடுத்திப் பார்த்தேன் ஐயா என்று சொல்லிக்கொள்ளலாம், பொய்யும் இல்லை. அதுவரை முகம் கொடுக்காமலிருந்த பாண்டீஸ்வரி, பஸ் வருகிற சத்தம் கேட்டதும் கிட்டே வந்தாள்.

"ஏத்தா, தண்ணியில ஊறப்போட்டா அது திரும்பப் பொங்குமா?"

"பொங்கலாம்."

"அடுத்த பங்குனிக்கு ரெண்டு நாளைக்கு மட்டும் குடுப்பாகளான்னு உங்க வாத்தியாரக் கேளு" என்றாள். "அன்னைக்கு நீ ஊருக்கு வராத."