பல் முளைத்த சம்பந்தி, இரண்டாம் பாகம்

என் கணவரின் மரண அறிவிப்பைக் கம்பங்களில் ஒட்டிய ஆறாம் நாள், சனிக்கிழமை மதியம், அவருடைய தம்பி வியன்னாவிலிருந்து துக்கத்துக்கு வந்து சேர்ந்தான். கதவைத் திறந்தது என் கணவர்தான். பனியனோடு, கையில் கரண்டியோடு, வாயில் பாதி மென்ற ரொட்டியோடு நின்றார். எதிரே மிலிசாவ், கறுப்புக் கோட்டும் கறுப்பு டையுமாக, கையில் எட்டு வெள்ளைக் கார்னேஷன் பூக்களோடு. எட்டு என்று ஒரே பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்துவிடும். உயிரோடிருப்பவர்களுக்குப் பூ ஒற்றைப்படையில் கொடுப்போம், செத்தவர்களுக்கு இரட்டைப்படையில். பூக்கடைக்காரி முதலில் கேட்பதே "பொறந்த நாளா, பொதைக்கற நாளா?" என்றுதான்.

"நீ சாகலையா?" என்றான் மிலிசாவ்.

ராதோமிர் ரொட்டியை விழுங்கினார். "இன்னும் இல்ல."

ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒக்னியென். எங்கள் ஊர்ப் பையன், பெல்கிரேடுக்குப் போய் சினிமா படித்துவிட்டுத் தாடியோடு திரும்பியவன். அவன் எடுத்த முதல் படம் 'பல் முளைத்த சம்பந்தி'. பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா செத்து, நாற்பதாம் நாள் சவப்பெட்டியிலிருந்து எழுந்து மருமகன் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், போகமாட்டேன் என்கிறார். ரத்தம் குடிப்பதைவிட, சூப்பில் உப்பு சரியில்லை என்று சொல்லியே வீட்டாரைச் சாகடிக்கிறார். சம்பந்தியாக நடித்தது அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ராதோமிர். அதற்கு முன் அவர் நடித்ததெல்லாம் மேலதிகாரியிடம் காய்ச்சல் என்று போனில் சொன்னது மட்டும்தான். படம் ஓடியது. தீமோக் ஆற்றங்கரையில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "சம்பந்தி, பல்லக் காட்டு" என்பார்கள். அவரும் காட்டுவார், வெட்கமே இல்லாமல்.

ஆனால் அந்தப் படத்தின் கடைசி நாள் படப்பிடிப்பில்தான் என் மாமியார் இறந்தார். செய்தி வந்தபோது ராதோமிர் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். அப்படியே எழுந்து ஓடினார். வழியில் பெட்ரோல் பங்கில் முகத்தைக் கழுவியிருக்கிறார், காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் வெள்ளைச் சாயம் அப்படியே இருந்தது. அம்மாவின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தபோது அம்மா படுக்கையில் விழுந்ததும் வியன்னாவிலிருந்து வந்திருந்த மிலிசாவ் எதிரே நின்று அதைப் பார்த்துவிட்டான். "பொண வேஷம் போட்டுட்டு அம்மாவ வழியனுப்ப வந்தவன் எனக்கு அண்ணன் இல்ல. எனக்கு அண்ணனே கெடையாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு அடக்கம் முடிந்த கையோடு வியன்னாவுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு வருடமும் எங்கள் குடும்பப் புனிதரின் நாளில் ராதோமிர் தம்பிக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைப்பார். விருந்தாளிகள் நின்றுகொண்டு சாப்பிட்டாலும் அதில் உட்கார விடமாட்டார். இரண்டாம் பாகத்துக்கு ஒக்னியென் கூப்பிட்டபோது, அறுபத்து நாலு வயதில் இந்தக் கோமாளித்தனம் எதற்கு என்று நான் சண்டை போட்டேன். அவர் சொன்ன பதில் ஒன்றுதான். "இது பெரிசா ஓடுச்சுன்னா வியன்னாலயும் போடுவாங்க. நம்மாளுங்க அங்க எத்தன பேர் இருக்காங்க. அவன் ஒரு தடவயாவது பாப்பான்."

மரண அறிவிப்பு ஒட்டியதும் ஒக்னியெனின் மூளைதான். கறுப்புக் கரை, சிலுவை, ராதோமிரின் சொந்தப் பெயர், சொந்தப் புகைப்படம், "நம் அன்புக்குரியவரின் நாற்பதாம் நாள் நினைவு, சனிக்கிழமை" என்று பெரிய எழுத்து. அடியில் சின்ன எழுத்தில்தான் 'பல் முளைத்த சம்பந்தி, இரண்டாம் பாகம், மாலை ஐந்து மணி, பண்பாட்டு இல்லம்'. இதுதான் விளம்பரமாம். எங்கள் கல்லறையில் எங்கள் இருவர் பெயரும் ஏற்கெனவே வெட்டித்தான் இருக்கிறது. பிறந்த வருடம், ஒரு சிறு கோடு, அதற்குப் பின் காலி. அதில் எனக்கு வருத்தமில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் கல் காத்திருக்கும், தாள் காத்திருக்காது. கம்பத்தில் தாள் வந்தால் ஆள் போயாச்சு என்று அர்த்தம். இதைச் சொன்னதற்கு ஒக்னியென் என்னைப் பார்த்துச் சிரித்தான். வெள்ளிக்கிழமை யாரோ ஒரு சொந்தக்காரி அந்தத் தாளைப் போனில் படமெடுத்து மிலிசாவுக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தக் கம்பத்தில், தாளின் அடிப்பகுதிக்கு மேல், நிஜமாகவே செத்த வேறொருவரின் தாள் ஒட்டியிருந்தது. சின்ன எழுத்து அதற்கடியில் போய்விட்டது.

"நாப்பது நாளாச்சு, எனக்கு ஒரு வார்த்த சொல்லலையேன்னு ராத்திரி முழுக்க உங்களத் திட்டிட்டே வண்டி ஓட்டினேன் அண்ணி" என்றான் மிலிசாவ். கண்கள் வீங்கியிருந்தன. அழுததாலா, தூக்கமில்லாததாலா, நான் கேட்கவில்லை.

வீட்டுக்குள் வரமாட்டேன் என்றான். முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்தான். பீன்ஸ் சூப்பைத் தொடவில்லை, தண்ணீர் மட்டும் குடித்தான். ராதோமிர் படியில் உட்கார்ந்து தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நான் நின்றேன். என் கல்யாணத்தன்று என்னைக் கைபிடித்து இந்த வீட்டுக்கு அழைத்து வந்தவன் இந்த மிலிசாவ்தான், அப்போது பதினேழு வயது. மணப்பெண்ணை விட்டு நகராமல் காவல் காப்பது எங்களில் கொழுந்தனின் வேலை. இன்று எழுந்து போனால் இனிமேல் நிஜச் சாவுக்குக்கூட வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது.

"எல்லாம் அந்தப் படத்துக்காகவா?" என்றான்.

"ஆமாப்பா. அஞ்சு மணிக்கு. நான்தான் டிக்கெட் கிழிக்கறேன்" என்றேன்.

பூக்களை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தான். "வரேன். இவன எதுக்காகக் கொன்னீங்கன்னு நானும் பாக்கணும்ல."

படத்தைப் பற்றி என்ன சொல்ல. சம்பந்தி இந்த முறை பேரனின் கல்யாணத்துக்காக எழுகிறார். டிஸ்கோ ஆடுகிறார். ஒரு பன்றி பறக்கிறது. ட்ராக்டரில் துரத்துகிறார்கள், தக்காளிச் சாறு பீய்ச்சி அடிக்கிறது, யாரோ ஒருவர் கேக்குக்குள் விழுகிறார், மறுபடியும் அதே ஆள் அதே கேக்குக்குள் விழுகிறார். நான் வாசலில் நின்று திரையைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தேன். இருநூறு தலைகள். முதல் படத்தில் இதே தலைகள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. இப்போது ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன. சூரியகாந்தி விதை உடைக்கும் சத்தம் வசனத்தைவிட நன்றாகக் கேட்டது. மிலிசாவ் கடைசி வரிசையில் கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் ராதோமிரின் கழுத்து சட்டைக்குள் இறங்கிக்கொண்டே போனது.

நான் வேலை பார்க்கும் பண்பாட்டு இல்லத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் வாசலில் ஒரு அபிப்பிராய நோட்டு வைப்போம். வழக்கமாக "அருமை, நன்றி" என்று நாலு பேர் எழுதுவார்கள். அன்று படம் முடியும் முன்பே எழுந்து வந்தவர்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். "முதல் பாகத்தில் பயந்தோம், சிரித்தோம். இதில் இரண்டும் இல்லை. என் நாற்காலியும் உடைந்திருந்தது." "மாமியாரைக் கூட்டிவந்தேன். தூங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் நிம்மதி, அதற்கு மட்டும் நன்றி." ஒருவர் ஒரே சொல் எழுதியிருந்தார், "ஏன்?" அதற்குக் கீழே மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

விளக்கு போட்டதும் ஒக்னியென் மைக்கோடு மேடையேறினான். ராதோமிரையும் பக்கத்தில் உட்காரவைத்தான். "மனசுல பட்டத தைரியமா சொல்லுங்க" என்றான், பாவி. எங்கள் ஊர்க்காரர்களிடம் தைரியத்தைக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

முதலில் எழுந்தது பழைய கணக்கு டீச்சர் பொசில்கா. "ஒக்னியென், எட்டாங்கிளாஸ்ல உனக்கு நான் பாஸ் போட்டேன். அன்னிக்கே கொஞ்சம் யோசிச்சிருக்கணும்."

டயர் கடை ஸ்வெதோஸார் உட்கார்ந்தபடியே கத்தினார். "ட்ராக்டர் என்னோடது. படத்துலயே அது ஒண்ணுதான் ஒழுங்கா நடிச்சுது. அந்தப் பன்னி ஏன்டா பறக்குது?"

"அது ஒரு உருவகம் மாமா."

"உருவகமா? வயித்துல கம்பி தெரியுதுடா!"

நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கறுப்பு உடை, கறுப்பு முக்காடு. தபால் ஆபீஸில் வேலை செய்யும் யகோதா. "எங்கம்மா இந்த வாரம் நெசமாவே செத்தாங்க. தாள் ஒட்டக் கம்பத்துல எடமில்ல. இவரோட தாள் மேலதான் ஒட்டினேன். நான் படம் பாக்க வரல, இதச் சொல்லத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு நடந்து வெளியே போனாள். ஒக்னியென் தாடியைச் சொறிந்தான். ராதோமிர் எழுந்து நின்று "மன்னிச்சிக்கோம்மா" என்றது மைக்கில் விழவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரமும் பாவமுமாக வந்தது. ஒரு தடவையாவது அவன் பார்ப்பான் என்றுதானே இவ்வளவும். பார்த்துவிட்டான், இந்தக் கண்றாவியை.

அப்போது கடைசி வரிசையில் மிலிசாவ் எழுந்தான். மைக் வேண்டாம் என்று கையாட்டினான்.

"படம் மகா மட்டம்" என்றான். பலர் கைதட்டினார்கள். அவன் அவர்களைத் திரும்பிப் பார்த்தான், கைதட்டல் நின்றது. "எனக்கு ஒண்ணு தெரியணும். மொத படத்துல, நாப்பத்திரெண்டாவது நிமிஷம், சம்பந்தி பொட்டியிலேர்ந்து எந்திரிக்கறது வரும். எங்கண்ணன் மொதல்ல இடது கைய ஊனுவான். ஒரு மூச்சு விடுவான். அப்பறந்தான் முட்டிய மடக்குவான். எங்கப்பா சுரங்க வேல முடிச்சு வந்து படுத்தா, மறுநா காலைல கட்டில்லேர்ந்து அப்படித்தான் எந்திரிப்பாரு. இதுல எந்திரிக்கறவன் ஸ்பிரிங் மாதிரி எந்திரிக்கறான். யாரு அவன்? அது எங்கண்ணன் இல்ல."

அரங்கத்தில் விதை உடைக்கும் சத்தம்கூட இல்லை. நாற்பத்திரண்டாவது நிமிடம். எத்தனை தடவை பார்த்தால் நிமிடம் மனப்பாடமாகும்?

ஒக்னியென் "எடிட்டிங்ல என்னாச்சுன்னா..." என்று ஆரம்பித்தான். ராதோமிர் அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"அது நான் இல்ல. டூப்பு. நெகோடின்லேர்ந்து ஒரு ஆளு."

"ஏன்?"

"தோள்பட்ட போயிடுச்சு. போன வருஷம் செர்ரி பறிக்கறப்ப ஏணிலேர்ந்து விழுந்தேன்."

"எந்தத் தோளு?"

"இடது."

மிலிசாவ் அண்ணனின் இடது தோளைப் பார்த்தான். "டாக்டர்ட்ட காட்டினியா?"

"காட்டினேன்."

"என்ன சொன்னாரு?"

"சாகமாட்டேன்னாரு."

அன்று மாலை அந்த அரங்கத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். இருநூறு பேரும் சிரித்தார்கள், பொசில்கா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிலிசாவ் சிரிக்கவில்லை. வரிசையை விட்டு இறங்கி, என்னைத் தாண்டி, "வரேன் அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனான். பின்னாலேயே ஓட எனக்கு ஆசைதான். ஆனால் கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நோட்டில் எழுத முண்டியடித்தது. "பேனா எங்கே?" என்று என்னைத்தான் கேட்டார்கள்.

கூட்டம் கலைந்து, விதைத் தோல்களைப் பெருக்கி, கதவைப் பூட்டி நாங்கள் வீட்டுக்கு நடந்தபோது ஜூன் மாத வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. மிலிசாவின் கார் இல்லை. ராதோமிர் முற்றத்துக்கு வந்ததும் படியில் உட்கார்ந்தார். எங்கள் வாசலோரக் கம்பத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை யாரோ கிழித்திருந்தார்கள். நாலு மூலையில் மட்டும் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. பெஞ்சைப் பார்த்தேன். பூக்கள் அங்கே இல்லை. மிளகாய் ஊறுகாய் போடும் என் பெரிய கண்ணாடி ஜாடி பெஞ்சின் மேல் இருந்தது. யாரோ அதைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, பூக்களை அதில் வைத்திருந்தார்கள்.

நான் பார்த்தேன். சரியாகத்தான் பார்க்கிறேனா என்று விரல் வைத்து எண்ணினேன். எட்டு இல்லை, ஏழு.

"ராத்தோ" என்றேன். "இங்க வா. வந்து இத எண்ணு."

"என்னத்த?"

"வாயேன்."

ராதோமிர் இடது கையைப் படியில் ஊன்றினார். வலியில் முகம் சுளித்தது. ஒரு மூச்சு விட்டார். அப்புறம்தான் முட்டியை மடக்கி எழுந்தார்.